மகளின் முதல் கார்: புதுசா, பழசா?

இரவு_வாசகி

வணக்கம். இங்கே நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒரு வாரமாக ஓடும் சண்டையை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 18 முடிந்துவிட்டது. உரிமம் கைக்கு வந்து ஐந்து வாரம். கல்லூரி வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர், அதில் பாதி நெடுஞ்சாலை. அவளுக்கென்று ஒரு கார் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்தக் கார் என்பதில்தான் தகராறு.

ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக வாங்கித் தர வேண்டும் என்பது என் கணவரின் பிடிவாதம். அவருடைய முதல் வண்டி மூன்று கை மாறி வந்தது. மழையில், ராத்திரியில், நடுவழியில் அது நின்றுபோன கதைகளைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "என் பெண் அப்படி ரோட்டில் நிற்கக் கூடாது" என்கிறார். எனக்கோ, ஐந்து வாரம் ஓட்டியவள் கையில் புது வண்டியா என்று இருக்கிறது. எங்கேயாவது உரசாமல் இருக்கப் போவதில்லை. அதோடு, கேட்டதும் புதுசே கிடைத்துவிட்டால் அதன் அருமை தெரியுமா என்ற கவலையும் உண்டு. மகளைக் கேட்டால், "எதுவானாலும் சரி, பாட்டி கலரில் மட்டும் வேண்டாம்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் போக நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஏதாவது சொல்லுங்கள்.

கிரீஸ்_கை

அக்கா, 20 வருடமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் சொல்கிறேன். புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியை எங்கே தேய்ப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். முன் பம்பரில் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்க மூலை. கேட் தூணில் உரசும் பின் கதவு. நடைபாதை விளிம்பில் சிராய்த்த வீல். கியர் வண்டியாக இருந்தால் கிளட்சும் சீக்கிரம் தேய்ந்துபோகும். இதெல்லாம் தொழில் கற்கும் கூலி, யாரும் தப்ப முடியாது. அந்தக் கூலியைப் புது வண்டியில் கட்டுவானேன்?

என் ஓட்டு, மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய, ஒரே ஆள் வைத்திருந்த வண்டிக்கு. விலை விழ வேண்டிய அளவுக்கு விழுந்திருக்கும், வண்டியில் உயிர் மிச்சம் இருக்கும்.

ஆனால் பழசு என்று சொன்னதும் 15 வருடப் பழசைத் தேடிப் போக வேண்டாம். பார்க்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், துருவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் அந்த எண் இல்லாவிட்டால் குனிந்து உள்பக்கம் பார்க்க வேண்டும், சோம்பல் படக் கூடாது. பள்ளம் ஆழமாகத்தானே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், ஈரச் சாலையில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, குறையைச் சரிசெய்ய வண்டியைக் கொண்டுவரச் சொல்லி நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் விவகாரம் தெரியும் இல்லையா? ஏர்பேக்கை விரியவைக்க உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளும் சேர்ந்து தெறித்தன. உலகம் முழுக்கப் பல கோடி வண்டிகளைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதெல்லாம் போய்ச் சேரவில்லை, கைமாறிய வண்டிகளில்தான் இது அதிகம் தப்பிவிடும்.

பஸ்_பயணி

நாங்களெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படிக்கவில்லையா? 18 வயசுக்குக் காராம். காலம் கெட்டுப்போச்சு.

மூன்றாம்_கியர்

பஸ்_பயணி ஐயா, பஸ்ஸில் போனால் பாதுகாப்பு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

கிரீஸ்_கை அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு நெருடல். வழக்கமாக நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். 25 வருடம் ஓட்டிய அப்பாவுக்கு ஆறு ஏர்பேக் உள்ள புது வண்டி. ஐந்து வாரம் ஓட்டிய பிள்ளைக்கு "இடித்தால் இடிக்கட்டும்" என்று ஒரு தகர டப்பா. இடிப்பது பம்பரோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? வீட்டிலேயே மோதும் வாய்ப்பு அதிகமுள்ள ஆளுக்குப் பாதுகாப்பு குறைந்த வண்டியைக் கொடுப்பது என்ன கணக்கு?

இஎஸ்சி என்று ஒன்று இருக்கிறது. வண்டி வழுக்கிச் சுழலப் போகும்போது, அந்தந்தச் சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்து நேராக்கும். 1995இல் மெர்சிடிஸ் வண்டியில் முதலில் வந்தது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயம், ஐரோப்பாவில் 2014 முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். வேறு வண்டியோடு மோதாமல் தானாகக் கவிழ்ந்தோ மரத்தில் மோதியோ ஓட்டுநர் இறக்கும் விபத்துகளை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஹெச்எஸ் கண்டிருக்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் அதிகம் மாட்டுவது இந்த மாதிரி விபத்தில்தான். வளைவில் வேகம் தெரியாது, பதறி ஸ்டியரிங்கை ஒடிப்பார்கள்.

2008 முதல் 2012 வரை அங்கே இறந்த 15 முதல் 17 வயது ஓட்டுநர்களை அதே நிறுவனம் எடுத்துப் பார்த்தது. பத்தில் எட்டுப் பேர் ஓட்டியது ஆறு வருடமோ அதற்கு மேலோ ஆன வண்டி. சின்னக் கார்களும் அதில் அதிகம்.

இன்னொன்று, மோதல் சோதனையில் வண்டிக்குக் கொடுக்கும் நட்சத்திரம். 2008இல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல, சோதனையை அவ்வப்போது கடினமாக்கிக்கொண்டே வருகிறார்கள். எந்த ஆண்டுச் சோதனை என்று பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம்.

கிரீஸ்_கை

தம்பி, நான் தகர டப்பா என்று எங்கே சொன்னேன்? நான் சொன்ன ஐந்து வருட வண்டியில் இஎஸ்சி இருக்கும்படி பார்த்து வாங்கலாம். அடிமட்ட வேரியன்ட்டில் சில ஊர்களில் அதை விட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் தவிர்க்க வேண்டும். புது வண்டியாக இருந்தும் இரண்டே ஏர்பேக்கோடு வருவதும் உண்டே. அந்தப் பணத்துக்கு நாலு வருடம் ஓடிய நல்ல கனமான செடான் கிடைக்கும். மோதலில் எடை பேசும்.

மூன்றாம்_கியர்

அதுவும் சரிதான். ஐஐஹெச்எஸ் பிள்ளைகளுக்கு என்று பரிந்துரைக்கும் பட்டியலில் மிகச் சின்ன வண்டிகளைச் சேர்ப்பதில்லை. குதிரைத்திறன் கூடியவற்றையும் மிகப் பெரியவற்றையும் சேர்ப்பதில்லை. அந்தப் பட்டியலில் பழைய வண்டிகளும் ஏராளம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 15 வருடத்துக்கும் 4 வருடத்துக்கும் இருக்கும் தூரம் பெரிது. 4 வருடத்துக்கும் புதுசுக்கும் அவ்வளவு இல்லை.

கணக்கு_நோட்டு

சண்டை முடிந்ததா? பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் மாறும், ஆனாலும் பொதுவாக முதல் வருட முடிவில் மதிப்பு 80 பக்கம் வந்துவிடும், ஐந்தாம் வருடம் பாதிக்குப் பக்கத்தில். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடனோடு சேர்த்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. முழு விலைக்கும் 9 விழுக்காடு வட்டியில் ஏழு வருடக் கடன் எடுத்தால், ஒரு வருடம் மாதத் தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி சுமார் 89. வண்டியின் மதிப்பு 80. அன்றைக்கு வண்டி அடையாளம் தெரியாமல் நொறுங்கினால், காப்பீட்டில் சாதாரணமாக அன்றைய மதிப்புதான் வரும். வண்டியும் இல்லாமல், மீதி 9 கடனும் தலையில் நிற்கும். அந்த இடைவெளிக்கென்று தனிக் காப்பீடு பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

வயது குறைந்த ஓட்டுநர் என்றாலே பிரீமியம் ஏறும் நாடுகள் நிறைய. வண்டியை முடிவு செய்வதற்கு முன்பே அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி மூன்று இடத்தில் விலை கேட்டுவிடுங்கள். வண்டி பிடித்துப்போன பிறகு கேட்டால் எந்த எண்ணும் நியாயமாகத்தான் தெரியும்.

சிராய்ப்புக்கெல்லாம் காப்பீடு கோராதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் புது வண்டியில் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, கை துறுதுறுக்கும். பழைய வண்டி என்றால் மனசு ஆறிவிடும். இதற்கு எந்த நோட்டிலும் கணக்கு எழுத முடியாது.

பின்சீட்_பையன்

எல்லோரும் அப்பா அம்மாவாகவே பேசுகிறீர்கள். எனக்கு 20 வயது. 18இல் புது கார் வாங்கித் தந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்லலாமா?

முதல் வாரம் சொர்க்கம். இரண்டாம் வாரம் ஒரு நிறுத்துமிடத்தில் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்தேன். கதவு உள்ளே போய்விட்டது. அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கம் சுவரை ஒட்டியே நிறுத்தி நிறுத்தி ஒன்பது நாள் மறைத்தேன். அந்த ஒன்பது நாளும் அந்தப் பக்கக் கண்ணாடி சரியாக நிற்கவில்லை. அதோடுதான் நெடுஞ்சாலையில் போனேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. புது வண்டிக்கு அடிபட்டதே என்ற பயம், எனக்கு அடிபடுமே என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அப்புறம் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், மதிப்பெண் குறைந்தாலும், தம்பியை அடித்தாலும், "கார் வாங்கிக் கொடுத்தோமே" என்று ஒரு வார்த்தை வரும். பரிசாகக் கொடுத்ததை மாதா மாதம் தவணையில் நினைவுபடுத்தினார்கள். வங்கிக்கு அப்பா கட்டினார், அப்பாவுக்கு நான் கட்டினேன்.

நண்பர்கள் வேறு. கார் வைத்திருப்பவன் ஒருவன் என்றால் அவன்தான் எல்லோருக்கும் டாக்ஸி. ஐந்து பேர் ஏறிக்கொண்டு பாட்டை அலறவிட்டு "இன்னும் கொஞ்சம் மிதிடா" என்பார்கள். வண்டி என்னுடையது என்று இருந்ததால் "வீட்டில் திட்டுவார்கள்" என்ற சாக்குகூடக் கிடையாது.

இரவு_வாசகி

தம்பி, உங்கள் பதிவை அவரிடம் படித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாள் என்ற இடத்தில் மட்டும் போனை வாங்கி அவரே இன்னொரு தடவை படித்தார்.

இரட்டை_பெடல்

நான் ஓட்டுநர் பயிற்சி தருபவன், 14 வருடமாக. பயனர் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். என் பக்கத்துக் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது, அதுதான் என் முடியெல்லாம் நரைத்ததற்குச் சாட்சி.

புதுசா பழசா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. சாவி யாருடையது என்பதுதான் முதலாவது.

2009இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களில் தனக்கென்று வண்டி உள்ளவர்களையும் வீட்டு வண்டியைப் பகிர்ந்து ஓட்டுபவர்களையும் ஒப்பிட்டார்கள். தனக்கென்று வண்டி உள்ளவர்கள் விபத்தில் சிக்கியது இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் அதிகம் ஓட்டுவார்கள் என்பதும் ஒரு காரணம்தான், அது மட்டுமே இல்லை. வேகம், கைப்பேசி எல்லாமே அந்தப் பக்கம் கூடுதல்.

ஏன் என்று எனக்கு ஆய்வில்லாமலே தெரியும். சாவி கேட்டு வாங்க வேண்டியதாக இருந்தால், வாங்கும்போது ஒரு பேச்சு நடக்கிறது. எங்கே போகிறாய், யாரோடு, எப்போது திரும்புவாய். யாரும் விசாரணை நடத்தவில்லை, கதவருகே நின்று அரை நிமிடம் பேசுவதுதான். சாவி அவள் பையிலேயே இருந்தால் அந்த அரை நிமிடம் போய்விடும். பிறகு அதே கேள்வியைக் கேட்டால் அது சந்தேகம் ஆகிவிடும். பின்சீட்_பையன் சொன்னாரே, சாக்குகூட இல்லை என்று. பகிர்ந்து ஓட்டும் பிள்ளைக்கு அந்தச் சாக்கு எப்போதும் பையில் இருக்கும். "ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு வண்டி வேண்டும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

தனியாக ஓட்ட ஆரம்பிக்கும் முதல் சில மாதம்தான் மிக ஆபத்தான காலம். பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து கற்கும் காலம் அப்படி இல்லை. இதற்காகத்தான் நியூசிலாந்து 1987இலேயே படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. கற்பவர், கட்டுப்பாட்டோடு ஓட்டுபவர், முழு உரிமம் என்று மூன்று படி. நடுப்படியில் ராத்திரியில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அந்த நடுப்படி இல்லாவிட்டால் வீட்டில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

நண்பர்கள் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட கணக்கு, 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றியது. கூட 21 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மட்டும் இருந்தால், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் ஓட்டுநர் இறக்கும் ஆபத்து 44 விழுக்காடு கூடுகிறது. இருவர் என்றால் இரண்டு மடங்கு. மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கு மடங்கு. இதற்கு எந்த ஷோரூமிலும் மருந்து விற்பதில்லை.

கைப்பேசி பற்றி என் மாணவர்களிடம் ஒரே ஒரு கணக்குத்தான் போடச் சொல்வேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் வண்டி 55 மீட்டர் போயிருக்கும். "55 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டு" என்பேன். வெறும் மைதானத்தில்கூட யாரும் பத்தடிக்கு மேல் நடந்ததில்லை.

கணக்கு_நோட்டு

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன் ஐயா.

இரவு_வாசகி

இரட்டை_பெடல் ஐயா, நன்றி. ஆனால் எங்கள் வீட்டில் இது நடக்குமா என்று தெரியவில்லை. இருப்பது ஒரே கார், எட்டு வயசு. அவர்தான் வேலைக்கு எடுத்துப் போகிறார். நான் வாரத்தில் இரண்டு நாள் வெளியே போனால் அதிகம். அவள் கல்லூரி நேரமும் அவர் வேலை நேரமும் ஒன்று. ஒரே வண்டியை இரண்டாகப் பிளக்க முடியாதே?

மூணு_சாவி

சகோதரி, எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் ஓட்டிப் பழகிவிட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரு வண்டியைப் பிளக்க வேண்டாம். இரண்டாவது வண்டி வரட்டும், ஆனால் அது மகளின் வண்டியாக வர வேண்டாம். வீட்டு வண்டியாக வரட்டும். எங்கள் வீட்டில் இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்கும். யார் எங்கே போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சாவி என்று முடிவாகும். "என் கார்" என்ற பேச்சை அப்பாவே சொல்ல மாட்டார், அது முக்கியம். அப்பா சொன்னால் பிள்ளையும் சொல்லும்.

விதிகள் ரொம்ப வைக்கவில்லை. முதல் ஆறு மாதம் வீட்டு ஆட்கள் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலை வேண்டாம். சிராய்ப்பு விழுந்தால் அன்று இரவுக்குள் சொன்னால் திட்டு கிடையாது, மறுநாள் தெரிந்தால் உண்டு. எண்ணெய் செலவில் ஒரு பங்கு அவர்களுடையது. நம் கையிலிருந்து காசு போகும்போதுதான் தேவையில்லாத சுற்று குறைகிறது.

கடைசியாக ஒன்று. எந்த நேரமானாலும், எந்த நிலையில் இருந்தாலும், ஓட்ட முடியாது என்று தோன்றினால் கூப்பிடு, நான் வருகிறேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று மூவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நடுப்பிள்ளை ஒரே ஒரு தடவை கூப்பிட்டான், ராத்திரி ஒன்றே காலுக்கு. போனேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வழி முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் கேட்கவில்லை. நாலு மாதம் கழித்து அவனாகச் சொன்னான்.

மூன்றாம்_கியர்

இது நன்றாக இருக்கிறதே. இதில் என் வாதமும் அடிபடவில்லை. புதுசாக வருவது வீட்டு வண்டி, அன்றைக்கு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அது. உங்கள் வீட்டில் அது பெரும்பாலும் மகள்தான். அப்பா எட்டு வருட வண்டியில் போகட்டும், அவருக்குத்தான் நின்றுபோன வண்டியைக் கையாண்ட அனுபவம் நிறைய இருக்கிறதே!

கிரீஸ்_கை

நல்ல அடி.

பின்சீட்_பையன்

ஒரு வேண்டுகோள். ஒளித்துவைக்கும் ஜிபிஎஸ் எல்லாம் பொருத்திவிடாதீர்கள். என் வண்டியில் அப்பா பொருத்தியிருந்தார், எட்டு மாதம் கழித்து சீட்டுக்கடியில் கிடைத்தது. அந்தத் தூணைவிட அதுதான் எங்களுக்குள் பெரிய அடி.

இரட்டை_பெடல்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் தம்பி. வேண்டுமென்றால் வெளிப்படையாக வைக்கும் வசதி சில வண்டிகளிலேயே உண்டு. ஃபோர்டு 2010 மாடலிலிருந்து மைகீ என்று ஒரு சாவி கொடுத்தது. அந்தச் சாவியில் ஓட்டினால் உச்ச வேகத்துக்கு வரம்பு, பாட்டுச் சத்தத்துக்கு வரம்பு, பெல்ட் போடாவிட்டால் பாட்டே வராது. செவர்லே 2016 மாலிபுவில் டீன் டிரைவர் என்று இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. எப்படி ஓட்டினார்கள் என்று ஒரு அறிக்கையும் அதில் வரும். வண்டி பார்க்கும்போது இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கலாம். பிள்ளையை உட்காரவைத்து, அவள் கண் முன்னால் அமைக்க வேண்டும். எப்போது எடுத்துவிடுவோம் என்று தேதியும் சொல்லிவிட வேண்டும்.

பஸ்_பயணி

ஒரு கார் கேட்டு வந்தவர் வீட்டில் இப்போது இரண்டு கார். நல்ல ஆலோசனை போங்கள்.

மூணு_சாவி

ஐயா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, மறுக்க முடியாது. கல்லூரிக்குப் பஸ் இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் அதில் போகச் சொல்லுங்கள் சகோதரி. ஓட்டாத கிலோமீட்டரில் விபத்து நடக்காது.

இரவு_வாசகி

ஞாயிறு போய் வந்தோம். சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பீர்கள்.

போகும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. ஷோரூமில் ஒரு பையன் வந்து "யாருக்கு சார் வண்டி?" என்று கேட்டான். இவர் மகளைக் காட்டப் போய், கையைப் பாதியில் இறக்கி, "வீட்டுக்கு" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது.

மேலே உள்ள வேரியன்ட்டின் பெரிய திரை அவருக்குப் பிடித்திருந்தது. மகள் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே, பக்கவாட்டு ஏர்பேக் எந்த வேரியன்ட்டில் தொடங்குகிறது, சோதனை எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டாள். இந்த இழையை அவளும் படித்திருக்கிறாள் போல. என்னிடம் சொல்லவே இல்லை. நடு வேரியன்ட்டில் முடிந்தது. கடன் ஏழு வருடம் என்று இருந்ததை நாலாகக் குறைத்து, முன்பணத்தைக் கூட்டினோம். கணக்கு_நோட்டு, அந்த 89ஐ அவர் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

வண்டி வர மூன்று வாரம் ஆகும். நெடுஞ்சாலை போகிற நாளில் அவள் புதுசை எடுப்பாள், மற்றபடி ஆணியில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆறு மாதத்துக்கு நண்பர்கள் இல்லை என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பஸ் என்றதற்கு இன்னும் ஒரு சுற்று. அது முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. கலர் அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் தேர்ந்தெடுத்தது அச்சு அசல் பாட்டி கலர்.

அவருக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது. சாவியை ரிப்பன் கட்டி மகள் கையில் கொடுக்கும் போட்டோ ஒன்றை மனசில் வைத்திருந்தார். அதற்கு நான் என்ன செய்ய?

கிரீஸ்_கை

போட்டோ எடுக்கட்டும் அக்கா, எடுத்த பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிடுங்கள். அது இருக்கட்டும். புது வண்டி வர மூன்று வாரம் இருக்கிறதே, அதுவரை அவள் ஓட்டப்போவது அந்த எட்டு வருட வண்டியைத்தானே? டயர் எண் பார்த்தீர்களா?

இரவு_வாசகி

இருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முன்னால் இரண்டும் 1422. பின்னால் இரண்டில் ஒன்றுக்கு எண்ணே இல்லை. நீங்கள் சொன்னபடி டார்ச் எடுத்துக் குனிந்து உள்பக்கம் பார்த்தேன். இரண்டும் 3816.

கிரீஸ்_கை

அந்தப் பின்னிரண்டை இந்த வாரமே மாற்றுங்கள் அக்கா. புதுசு வரும் இரண்டையும் பின்னாலேயே போடச் சொல்லுங்கள், முன்னால் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும், ஐந்து வாரம் ஓட்டியவள் அதைப் பிடிக்க முடியாது. மாற்றும் வரை சாவி ஆணியிலேயே இருக்கட்டும்.